60 நாள் இருமல்

“சளி டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. மாத்திரை போட்டதும் இருமலும் கொறைஞ்சிருச்சு. அப்புறம் எப்படிங்க டிபி?”

காசநோய் என்று உறுதியானதும் பல வீடுகளில் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். கோபத்தில் கேட்பவரும் உண்டு, பயத்தில் கேட்பவரும் உண்டு. எப்படிக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். சோதனையும் மருந்தும் இலவசம். நோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் உலகுக்கு அறிவித்துவிட்டார். குணமாக்கும் மருந்துகள் வந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இத்தனை இருந்தும், ஒருவர் இருமத் தொடங்கிய நாளுக்கும் அவர் நோய்க்குப் பெயர் கிடைக்கும் நாளுக்கும் நடுவே இரண்டு மாதம் எப்படிப் போகிறது?

இரண்டு மாதம் என்பது குத்துமதிப்பல்ல. தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் சிகிச்சைக்கு வந்த 531 காசநோயாளிகளை விசாரித்து, சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் மொத்தத் தாமதத்தின் இடைநிலை 60 நாள். அதாவது அவர்களைத் தாமதக் கணக்கின்படி வரிசையில் நிறுத்தினால், நட்ட நடுவில் நிற்பவருக்கே 60 நாள் ஆகியிருக்கிறது. அவருக்குப் பின்னால் நிற்கும் பாதிப் பேருக்கு அதற்கும் மேல்.

கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர்

மதுரையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் மேலூரையும் கருங்காலக்குடியையும் தாண்டினால் கொட்டாம்பட்டி. கண்மாய்களும் பாறைக் குன்றுகளும் தென்னந்தோப்புகளுமான பூமி. இந்த மேலூர் வட்டாரத்துக் குன்றுகளை அறுத்துத்தான் கிரானைட் பாளம் பாளமாகக் கப்பலேறியது. 2012-ல் முறைகேடுகள் வெளியாகி குவாரிகள் முடங்கியபோது, அங்கே கல்லில் துளைபோட்டுப் பிழைத்தவர்கள் கட்டட வேலைக்கும் லோடு ஏற்றும் வேலைக்கும் கலைந்தார்கள்.

அவர்களில் ஒருவராக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 48. பத்துப் பன்னிரண்டு வருடம் குவாரியில் டிரில் போட்டவர். இப்போது கொத்தனாருடன் போகிறார். ஆள்தான் கற்பனை. அவர் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு திருப்பமும் இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவானது.

கார்த்திகை 10-ம் தேதி வாக்கில் அவருக்கு இருமல் ஆரம்பிக்கிறது. மழையும் பனியும் மாறி மாறி வரும் நேரம், ஊரே இருமுகிறது. முதல் வாரம் கஷாயம். அடுத்த வாரம் மெடிக்கலில் போய் நிற்கிறார். “ராத்திரியில தூங்க விடமாட்டேங்குது தம்பி.” கடைத் தம்பி ஒரு சிரப்பும் மூன்று நாள் மாத்திரையும் தருகிறார். 21-ம் நாள் பக்கத்திலிருக்கும் ஒரு டாக்டரிடம் போகிறார். ஊசி, வேறு மாத்திரை. இரண்டு நாள் தேவலை என்றிருக்கிறது. மறுபடி பழைய கதை. 31-ம் நாள் இன்னோர் ஊரில், இன்னொரு டாக்டர். இவர் கவனமானவர், சளியை சோதிக்கச் சொல்கிறார். சோதனைச் சீட்டில் கிருமி இல்லை என்று வருகிறது. ஐந்து நாளைக்கு லிவோஃப்ளாக்சசின் எழுதித் தருகிறார். இந்த முறை இருமல் உண்மையாகவே குறைகிறது. ஆள் வேலைக்குப் போய்விடுகிறார்.

45-ம் நாளுக்கு மேல் இருமல் திரும்புகிறது. சாயங்காலமானால் உடம்பு கதகதக்கிறது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. “என்னங்க இப்படி இளைச்சுப் போயிட்டீங்க” என்கிறார் மனைவி. சுகர் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வருகிறது. பொங்கல் வந்துவிட்டது, “கழியட்டும், பார்த்துக்கலாம்.” 55-ம் நாள் துப்பிய சளியில் ரத்தம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே, மறுபடி சளி, இந்த முறை சிபிநாட் என்கிற மரபணுச் சோதனை. 60-ம் நாள் மாத்திரை கைக்கு வருகிறது.

இந்தக் கதையில் யாரும் குற்றவாளி இல்லை. கடைத் தம்பி செய்தது எல்லாக் கடையிலும் நடப்பது. முதல் டாக்டர் பனிக்கால இருமலைப் பனிக்கால இருமலாகப் பார்த்தார். இரண்டாமவர் சோதனையே செய்தார். பிறகு எங்கே தவறியது?

கண்ணாடித் துண்டின் கணக்கு

31-ம் நாள் எடுத்த அந்தச் சளியின் பின்னாலேயே போவோம்.

டப்பாவில் துப்பிய சளியில், மஞ்சளாகக் கட்டியாக இருக்கும் பகுதியைக் குச்சி நுனியால் எடுத்து, கண்ணாடித் துண்டின் நடுவில் சிறு சிறு சுழியாகத் தேய்த்துப் பரப்புகிறார் லேப் டெக்னீஷியன். காயவிட்டு, தீயில் மேலோட்டமாகக் காட்டி, கார்பால் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றுகிறார். அடியில் சுடரை ஓட்டி ஆவி எழும்வரை சூடாக்குகிறார். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற உறை உண்டு. சூடு பட்டால்தான் சாயம் அதற்குள் இறங்கும். இறங்கிவிட்டால் பிறகு கந்தக அமிலத்தை ஊற்றினாலும் வெளியே வராது. மற்ற கிருமிகளிலும் சளியின் செல்களிலும் ஏறிய சிவப்பை அமிலம் கழுவிவிடும். கடைசியில் நீலச் சாயம். நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகள். ஒற்றையாகவோ, இரண்டு மூன்று கட்டிக்கொண்டோ கிடக்கும். அழகான சோதனை. நூறாண்டுக்கு மேலாக உலகத்தில் காசநோயைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் இதுதான்.

இப்போது கணக்கு. கண்ணாடியில் பரப்பிய சளியின் அளவு ஏறக்குறைய 0.01 மில்லிலிட்டர், ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. அது பரவியிருக்கும் இடம் 2 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 200 சதுர மில்லிமீட்டர். ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு வட்டம். அதைப் பார்வை வட்டம் என்போம். அதன் பரப்பு 0.02 சதுர மில்லிமீட்டர் அளவே. 200-ஐ 0.02-ஆல் வகுத்தால், அந்தக் கண்ணாடியில் 10,000 பார்வை வட்டங்கள். முழுவதையும் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியமல்ல. ஆகவே 100 வட்டம் பார்த்து ஒன்றும் அகப்படாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதலாம் என்பது விதி. பத்தாயிரம் பாத்தி கொண்ட வயலில் நூறு பாத்தியை மட்டும் நடந்து பார்த்துவிட்டு, வயலில் களை உண்டா இல்லையா என்று சொல்வது மாதிரி.

நம் ஆளின் சளியில் ஒரு மில்லிக்கு 10,000 கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிய எண்ணிக்கை. ஆனால் கண்ணாடியில் ஏறியது நூறில் ஒரு பங்குதான்; ஆக 100 கிருமி. அந்த நூறும் 10,000 வட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. நூறு வட்டம் பார்த்தால் சராசரியாகக் கண்ணில் படுவது ஒரே ஒரு கிருமி.

சராசரி ஒன்று என்றால் எல்லா முறையும் ஒன்று கிடைக்கும் என்று பொருளில்லை. சில முறை இரண்டு, மூன்று கிடைக்கும். சில முறை ஒன்றுகூட இருக்காது. நிகழ்தகவுக் கணக்குப்படி, இப்படிப்பட்ட 100 சோதனைகளில் சுமார் 37-ல் ஒரு கிருமியும் கண்ணில் படாது. மில்லிக்கு 5,000 கிருமி என்றால் 100-க்கு 61 முறை ஏமாற்றம். 1,000 என்றால் 90 முறை. அதுவே ஒரு லட்சம் இருந்தால் தவறவிடுவது மிக அரிது. கிருமிகள் சீராகப் பரவியிருக்கின்றன, பார்ப்பவர் ஒரு வட்டத்தையும் அவசரத்தில் தாண்டவில்லை, கொடுத்தது நெஞ்சிலிருந்து வந்த சளிதான், வெறும் எச்சில் இல்லை என்றெல்லாம் நல்லபடியாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ஒரு நாளில் நாற்பது ஐம்பது கண்ணாடி பார்க்க வேண்டிய இடத்தில் நடப்பது இதைவிட மோசமாகவே இருக்கும்.

சீட்டில் ‘இல்லை’ என்று வந்ததற்கு உண்மையான பொருள், பார்த்த அளவில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. நம் ஆளுக்கு அதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டது ‘உனக்கு டிபி இல்லை’ என்று. அதனால்தான் இருமல் திரும்பியபோதும் டிபி பற்றிய எண்ணமே அவருக்கு எழவில்லை. ஒரு பொய்யான நிம்மதி, சந்தேகத்தையே அடைத்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்த 60 நாட்களில் மிக அதிக சேதம் செய்தது அந்தச் சீட்டுதான்.

‘ரத்தத்தில் பார்த்தால் தெரியாதா?’ என்று கேட்கலாம். அப்படி விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் அந்தச் சோதனைகள் இருப்பதை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் சொல்பவை. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அவற்றை வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்தியா தடைசெய்தது.

நிதானமாக வளரும் கிருமி

31-ம் நாள் அகப்படாத கிருமி 56-ம் நாள் எப்படி அகப்பட்டது? அது பெருகும் வேகத்தில் பதில் இருக்கிறது.

நம் குடலில் வாழும் இ.கோலை என்ற பாக்டீரியா வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். அதுவும் ஆய்வகக் குடுவையில். உடம்பின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு பெருகும்போது இன்னும் மெதுவாகும். ஆய்வகத்தில் முட்டை கலந்த பச்சை நிறக் கூழில் இதை வளர்த்து உறுதிசெய்ய எட்டு வாரம்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சில நாட்களில் ஆளைச் சாய்க்கும் நிமோனியா தானே ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடும். காசநோய் விரட்டுவதில்லை. இன்றைய உடம்பு நேற்றைய உடம்பு மாதிரியேதான் இருக்கிறது. வாரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் இறக்கம் தெரியும். அப்படிச் சேர்த்துப் பார்க்க நம்மில் யாருக்கும் பழக்கம் இல்லை. நுரையீரலில் திசு அழுகிக் குழி விழுந்து, அது மூச்சுக்குழாயோடு இணைந்த பிறகுதான் கிருமிகள் கூட்டம் கூட்டமாகச் சளியில் வெளியேறுகின்றன. கண்ணாடிச் சோதனை தவறாமல் பிடிக்கும் கட்டமும் அதுதான். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் அதிகம் பரவும் கட்டமும் அதுதான்.

மாத்திரைக்கு அடங்கிய இருமல்

லிவோஃப்ளாக்சசின் சாப்பிட்டதும் இருமல் குறைந்ததே, அது டிபி இல்லை என்பதற்குச் சாட்சியாகாதா? ஆகாது. லிவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகையறா மருந்துகள் காசநோய்க் கிருமியையும் தாக்கும். மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு, பல மருந்துகளோடு சேர்த்து மாதக்கணக்கில் கொடுப்பதற்காக வைத்திருக்கும் படைக்கலம் அது. ஐந்து நாளைக்குத் தனியாகக் கொடுத்தால் கிருமிக் கூட்டத்தில் ஒரு பகுதி சாகும், இருமல் தணியும், அந்தச் சமயத்தில் சளியைச் சோதித்தால் அகப்படும் வாய்ப்பு இன்னும் குறையும். மிஞ்சியவை நிதானமாகத் திரும்பிப் பெருகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஒரு கணக்கின்படி, இந்த வகை மருந்தை முன்னதாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் கண்டுபிடிப்பது சராசரியாக 19 நாள் தள்ளிப்போனது. அந்த மருந்துக்கே அடங்காத கிருமி உருவாகும் வாய்ப்பும் 2.7 மடங்கு.

முதல் டாக்டர் போட்ட ஊசியில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னொரு மயக்கம். வீக்கமும் காய்ச்சலும் தணிந்து பசிகூட எடுக்கும். ‘அந்த டாக்டர் ஊசி போட்டா உடனே கேக்கும்’ என்று பெயர் வாங்கும் ஊசிகளில் பல இந்த ரகம். உள்ளே கிருமியோடு மல்லுக்கட்டும் எதிர்ப்புச் சக்தியையும் அது சேர்த்தே தணித்துவிடுகிறது.

மருந்தே இல்லாமலும் இந்த நோய் ஏறி இறங்கும். பெங்களூரைச் சுற்றிய கிராமங்களில், பரவலான சிகிச்சை வருமுன் 1960-களில் தேசியக் காசநோய் நிறுவனம் ஐந்தாண்டு நடத்திய ஆய்வில், சளியில் கிருமி இருந்தவர்களில் 100-க்கு 49 பேர் இறந்திருந்தார்கள். 18 பேர் இன்னும் கிருமியோடு இருந்தார்கள். 33 பேர் தாமாகவே தேறியிருந்தார்கள். ‘குறைந்துவிட்டது’ என்பது காசநோயில் எதற்கும் சாட்சி சொல்லாது.

யார் செய்த தாமதம்?

தாமதத்தை இரண்டாகப் பிரிக்கலாம். இருமல் தொடங்கியதிலிருந்து முதல் மருத்துவரைப் பார்க்கும்வரை ஆவது நோயாளித் தாமதம். அதன்பின் நோய் கண்டுபிடிக்கப்படும்வரை ஆவது மருத்துவத் தாமதம். மேலே சொன்ன 2002 தமிழ்நாட்டு ஆய்வில் முதலாவதன் இடைநிலை 20 நாள், இரண்டாவது 23 நாள் (இடைநிலைகளைக் கூட்டினால் மொத்தத்தின் இடைநிலையான 60 வர வேண்டியதில்லை). இந்தியா முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியானதில் முதலாவது 18 நாள், இரண்டாவது 31 நாள். கண்டுபிடிப்பதற்குள் ஒருவர் சராசரியாக 2.7 பேரிடம் வைத்தியம் பார்த்திருக்கிறார். நம் ஆள் கடைத் தம்பியையும் சேர்த்து மூவரிடம் போன பிறகே மதுரைக்கு வந்தார். கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

‘சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று மேடைதோறும் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இது பொய் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்தாகிவிட்டது. தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோயாளிகளைத் தேடிப்போய்ப் பேசி, 1963-ல் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தம் உடம்பு சரியில்லை என்று உணர்ந்து ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையத்துக்குப் போய் வந்திருந்தார்கள். கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் எங்கோ மறைந்திருக்கவில்லை. வாசலுக்கு வந்து திரும்பிப் போயிருந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து டெல்லியில் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் காசநோய்க் குறிகளைச் சொல்லிக்கொண்டு தனியார் மருத்துவர்களிடமும், பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பவர்களிடமும் போனார்கள். 2015-ல் வெளியான முடிவில், 250 சந்திப்புகளில் சரியான வழி காட்டியது 21 சதவீதம். டெல்லி, மும்பை, பாட்னா நகரங்களில் 622 மருந்துக்கடைகளுக்கும் இப்படி அனுப்பினார்கள். இருமலை மட்டும் சொன்னபோது சரியாக மருத்துவரிடம் அனுப்பிய கடைகள் 13 சதவீதம். கிருமி உண்டு என்ற சோதனைச் சீட்டைக் காட்டியபோது 62 சதவீதம். இருமல் சொன்னவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தவை 37 சதவீதம். சீட்டு காட்டியபோது அது 16-ஆகக் குறைந்தது. காசநோய் மருந்தை எடுத்துக் கொடுத்த கடை ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடைக்காரர்களுக்கு டிபி என்றால் என்ன, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தே இருக்கிறது. எதிரே நிற்பவருக்கு அது இருக்கலாம் என்பதுதான் தோன்றவில்லை. தோன்றவும் வழியில்லை: ஒவ்வொருவர் முன்னாலும் நிற்பது ‘நாலஞ்சு நாளா இருமல்’ என்று சொல்லும் புது ஆள். 31-ம் நாள் டாக்டரிடம் 21-ம் நாள் ஊசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 55-ம் நாள்வரை அந்த இருமலின் முழு வயது ஒரு இடத்தில்கூட எழுதப்படவில்லை. மூன்று கதவுகளிலும் நோய் புதிதாகப் பிறந்தது.

கல்தூசியும் சர்க்கரையும்

நம் ஆளைக் குவாரியிலிருந்து வந்தவராக வைத்ததற்குக் காரணம் உண்டு. கிரானைட்டில் படிகக்கல், அதாவது சிலிக்கா நிறைய இருக்கிறது. டிரில் போடும்போது எழும் மாவு போன்ற தூசி நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்களை விழுங்கணுக்கள் என்று சொல்லலாம். உள்ளே வரும் கிருமியை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. சிலிக்காத் துகளை விழுங்கினால் அவையே செத்துவிடும். காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் இதே செல்கள்தான். கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் வந்தவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மூன்று மடங்கும் அதற்கு மேலும் உயர்கிறது. குவாரியை விட்டு வந்து வருடங்கள் ஆனாலும் தூசி உள்ளேதான் இருக்கிறது. ஆபத்தும் கூடவே இருக்கிறது. கல்தூசி உண்டாக்கும் புள்ளிகளும் காசநோய்ப் புள்ளிகளும் எக்ஸ்ரேயில் ஒன்றையொன்று மறைக்கும். ‘கல்லுடைச்ச நெஞ்சு, அப்படித்தான் இருமும்’ என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டால் தாமதத்துக்குக் கேட்கவே வேண்டாம். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் இருமலோடு வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, ‘முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?’

சர்க்கரையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 827 காசநோயாளிகளைச் சோதித்து 2012-ல் வெளியான ஆய்வில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. எடை குறைந்தால் ‘சுகர்ல இளைக்குது’ என்று வீடே முடிவுகட்டிவிடுகிறது. குழந்தைகளுக்குச் சளி துப்பத் தெரியாது. கழுத்தில் கட்டிகளாக, கண்டமாலையாக டிபி வந்தால் இருமலே இருக்காது.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

தாமதத்தின் விலை நோயாளியோடு நிற்பதில்லை. இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது சென்னைதான்.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் இறந்தபோது ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நல்ல மருந்துகள் வந்தன. ஆனால் நோயாளிகளை சானடோரியத்தில் தனியே வைத்து, ஓய்வும் ஊட்டமும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை; நாட்டில் இருந்த நோயாளிகளுக்கோ படுக்கை போதாது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றோடு சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதி நெரிசலான தம் வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டோடு, அதே மருந்தை ஓராண்டு சாப்பிட்டது. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்.

இதைவிட முக்கியமானது அடுத்த செய்தி. இரு தரப்புக் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள், நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பங்களைவிட அதிகமில்லை. மருந்து தொடங்கிவிட்டால் பரவுவது வேகமாக அடங்கிவிடுகிறது. தட்டைத் தனியே வைப்பதும் திண்ணையில் படுக்கச் சொல்வதும், பெண்ணாக இருந்தால் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் நோய் தெரிந்த பிறகு நடக்கின்றன. பரவலோ அதற்கு முன்பே, பெயர் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில் முடிந்துபோகிறது. வீட்டாரைக் காப்பாற்ற முடிந்த காலம் அந்த 60 நாள்தான். சேத்துப்பட்டு மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இரண்டு மணி நேரச் சோதனை

56-ம் நாள் மதுரையில் செய்த சிபிநாட் கண்ணுக்குப் பதிலாக மரபணுவைத் தேடுகிறது. சளியில் கிருமியின் மரபணுத் துண்டு இருந்தால் அதைக் கோடிக்கணக்கில் படியெடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சேர்த்தே சொல்லும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றது. மில்லிக்குச் சுமார் 130 கிருமிகள் இருந்தால் போதும்; பிந்தைய வடிவத்துக்கு 16 போதும். கண்ணாடிச் சோதனையின் 10,000-த்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவாவிலுள்ள மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும். குளிரூட்டிய அறை தேவையில்லை. கொட்டாம்பட்டி மாதிரியான ஊர்களை நினைத்துச் செய்த கருவி என்றே சொல்வேன்.

ஆனால் சளி அந்தக் கருவியிடம் போய்ச் சேர வேண்டும். 31-ம் நாள் டாக்டர் கண்ணாடிச் சோதனைக்குப் பதில் இதை எழுதியிருந்தால் நம் ஆளுக்கு ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். 21-ம் நாள் டாக்டர் ‘எத்தனை வாரமா இருமல்?’ என்று கேட்டிருந்தால் இன்னும் பத்து நாள்.

இருமலையே நம்பிக்கொண்டிருப்பதும் போதாது என்பதை 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பு காட்டியது. வீடுவீடாகக் கணக்கெடுத்து, 15 வயது நிறைந்தவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதத்தினரை எக்ஸ்ரே இல்லாவிட்டால் தவறவிட்டிருப்பார்கள். கேட்டபோது அவர்கள் சொல்வதற்குக் குறி எதுவும் இல்லை. கணக்கெடுப்பில் குறி இருப்பதாகச் சொன்னவர்களிலும் 64 சதவீதத்தினர் வைத்தியத்துக்குப் போயிருக்கவில்லை. எக்ஸ்ரே வண்டிகள் ஊர்களுக்குள் வருவதற்குக் காரணம் இதுதான். வண்டி நிற்கும்போது ‘எனக்குத்தான் இருமலே இல்லையே’ என்று ஒதுங்க வேண்டாம். கல்லில் வேலை பார்த்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் முதலில் போய் நிற்க வேண்டும்.

பிந்தி வந்தவர்களைக் காப்பாற்றவும் தமிழ்நாடு ஒரு வழி கண்டிருக்கிறது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது. வரும்போதே உடம்பு எலும்பும் தோலுமாகியிருக்கும். 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடனேயே உயரம், எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். ஆபத்தான நிலை என்றால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்த்துவிடுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் வீட்டில் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது இதுவரை வாங்கிய சீட்டுகளையும் காலியான மாத்திரை அட்டைகளையும் ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போவது. இருமல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதைக் கவரின் மேலேயே எழுதிவிடுங்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்திருந்தால், அது எந்தச் சோதனை என்று கேளுங்கள். கண்ணாடிச் சோதனை என்றால் சிபிநாட் அல்லது ட்ரூநாட் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது. நோய் உறுதியானால் அவரோடு ஒரே கூரையின் கீழ் தூங்கும் ஒவ்வொருவருக்கும் அதே வாரத்தில் எக்ஸ்ரேயும், நோய் இல்லையென்று தெரிந்தபின் தடுப்பு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு இருமல் வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.